கூரை சோலாரின் உபரி யூனிட்டுக்கு என்ன விலை? மின் நிறுவனத்தின் முன் உள்ள நான்கு வழிகள்

கூரையில் சோலார் பேனல் வைத்திருப்பவர் தனக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறார். அந்த யூனிட்டுக்கு மின் நிறுவனம் என்ன கொடுக்க வேண்டும்? சில்லறை விலையா, மொத்த விலையா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவதா, இல்லை ஒன்றுமே வேண்டாமா? உலகம் முழுக்க மின் வினியோக நிறுவனங்களும் ஒழுங்குமுறை ஆணையங்களும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது.

கேள்வி பழையதுதான். அமெரிக்காவில் 1978இல் வந்த ஒரு சட்டம், தகுதியுள்ள சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கியே ஆக வேண்டும் என்றது. விலை, அந்த மின்சாரம் வராமல் இருந்திருந்தால் நிறுவனத்துக்கு என்ன செலவாகியிருக்குமோ அது. 1983இல் மின்னசோட்டா மாநிலம் 40 கிலோவாட்டுக்குக் கீழ்ப்பட்ட அமைப்புகளுக்கு மீட்டரைப் பின்னோக்கி ஓட விடலாம், அதாவது அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளலாம் என்று சட்டமே போட்டது. இன்றைய சண்டைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு யோசனைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

முதலில் ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். மாதம் 400 யூனிட் செலவாகிற வீடு. யூனிட் விலை 10 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாணயமானாலும் சரி. பேனல் இல்லாதபோது பில் 4,000. பேனல் வந்த பிறகு மாதம் 360 யூனிட் உற்பத்தி. அதில் 150 யூனிட் அந்தந்த நேரத்திலேயே வீட்டில் செலவாகிவிடுகிறது, மீதி 210 கம்பிக்குப் போகிறது. மாலையிலும் இரவிலும் கம்பியிலிருந்து 250 யூனிட் வாங்குகிறார்கள்.

நெட் மீட்டரிங்கில் 250இலிருந்து 210ஐக் கழித்து 40 யூனிட்டுக்கு மட்டும் பில்: 400. நெட் பில்லிங்கில் வாங்கியதற்கு ஒரு விலை, அனுப்பியதற்கு வேறு விலை. அனுப்பிய யூனிட்டுக்கு 4 என்றால் 2,500இலிருந்து 840 கழித்து 1,660. கிராஸ் மீட்டரிங்கில் உற்பத்தி முழுவதையும் நிறுவனம் வாங்கிக்கொள்ளும், வீட்டுச் செலவு முழுவதற்கும் தனி பில் வரும். அதே 4 விலையில் 4,000க்கு 1,440 கழிந்து 2,560. கம்பிக்கு ஒரு யூனிட்கூட அனுப்பக் கூடாது என்ற நான்காவது வழியில் பில் 2,500.

கடைசி இரண்டு எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கொள்முதல் விலை குறைவாக இருந்தால், எல்லாவற்றையும் விற்பவரைவிட உபரியை வீணடிப்பவருக்குப் பில் குறைவு! கிராஸ் மீட்டரிங்கைக் குறைந்த விலையோடு கொண்டுவந்துவிட்டு, யாரும் விண்ணப்பிக்கவில்லையே என்று ஆச்சரியப்படுவதில் பொருளில்லை. மின் நிறுவனத்துக்குத் தெரியாமல் இன்வெர்ட்டரை (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் கருவி) மீட்டருக்கு உள்பக்கம் மாட்டிக்கொள்ளத்தான் அது மக்களைத் தூண்டும்.

நெட் மீட்டரிங்கிலிருந்து தொடங்குவோம். இதன் பெரிய பலம் எளிமை. ஒரே மீட்டர், ஒரே கழித்தல். பேனல் விற்பவர் வாடிக்கையாளரிடம் இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம், வங்கிக்காரர் கடன் கொடுக்கும் முன் வருமானத்தைக் கணித்துவிடலாம். கூரை சோலாரே இல்லாத ஊரில் முதல் ஆயிரம் வீடுகளை இழுக்க இதைவிட வேகமான வழி இல்லை.

பலவீனம், சில்லறை விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். அந்த 10இல் மின்சாரத்தை உற்பத்தி செய்த செலவு ஒரு பகுதி மட்டுமே. கம்பி, டிரான்ஸ்பார்மர், பராமரிப்பு, இழப்பு, பில் போடுகிற ஆள் சம்பளம், சில இடங்களில் வரியும் மானியச் சுமையும் எல்லாம் அதற்குள் அடங்கும். நம் உதாரண வீடு 250 யூனிட்டைக் கம்பி வழியாக வாங்கி, 210 யூனிட்டைக் கம்பி வழியாக அனுப்பிவிட்டு, 40 யூனிட்டுக்கான கம்பிச் செலவை மட்டும் கொடுக்கிறது. இப்படி நூற்றில் ஒரு வீடு செய்தால் யாருக்கும் தெரியாது. நூற்றில் முப்பது வீடு செய்தால், விடுபட்ட தொகை அடுத்த கட்டண மாற்றத்தில் பேனல் இல்லாதவர்களின் பில்லில் போய் உட்காரும். சொந்தக் கூரை இல்லாத வாடகைக்காரர், அடுக்குமாடியில் நடுத்தளத்தில் இருப்பவர், முதலீட்டுக்குக் கையில் பணம் இல்லாதவர் ஆகியோர்தான் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருப்பார்கள்.

மின் நிறுவனங்கள் இந்த வாதத்தை அவசியத்துக்கு மேல் ஊதிப் பெரிதாக்கவும் செய்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூற்றில் இரண்டு மூன்று பேர்கூடப் பேனல் வைக்காத இடத்தில், ஏழைகளின் பெயரைச் சொல்லிக் கூரை சோலாரைத் தடுக்கும் நிறுவனத்துக்கு உண்மையில் வேறு கவலை இருக்கிறது: விற்பனை குறைகிறது. அக்கம்பக்கத்திலேயே உற்பத்தியாகும் யூனிட்டால் கடத்தல் இழப்பு மிச்சமாவதும், சில இடங்களில் புதிய டிரான்ஸ்பார்மர் செலவு தள்ளிப்போவதும் அவர்களுடைய கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை.

நெட் மீட்டரிங்கின் இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அதற்கு நேரம் தெரியாது. மதியம் 12 மணிக்கு எல்லாக் கூரைகளும் ஒன்றாகத் தள்ளும் யூனிட்டும், மாலை 7 மணிக்கு எல்லோரும் விளக்கும் ஏசியும் போடும் நேரத்து யூனிட்டும் அதற்கு ஒன்றே. மதியம் தேவை பள்ளமாக இறங்கி மாலையில் செங்குத்தாக ஏறும் வரைபடத்தை கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பு இயக்குநர்கள் 2013இல் வெளியிட்டார்கள். வாத்தின் உருவம் போல இருந்ததால் அதற்கு வாத்து வளைவு என்றே பெயர் வந்துவிட்டது. நெட் மீட்டரிங் அந்தப் பள்ளத்தை ஆழமாக்கும். நிரப்ப யாருக்கும் காரணம் கொடுக்காது. நம் உதாரண வீடு பேட்டரி வாங்கி, பகலில் 100 யூனிட்டைச் சேமித்து மாலையில் பயன்படுத்துகிறது, அதில் 10 யூனிட் பேட்டரியிலேயே வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். நெட் மீட்டரிங்கில் அவர்கள் பில் 400இலிருந்து 500 ஆக ஏறும். நல்ல காரியத்துக்கு அபராதம்! அதே பேட்டரி நெட் பில்லிங்கில் 1,660ஐ 1,160 ஆகக் குறைக்கும்.

நெதர்லாந்து பல ஆண்டுகள் தாராளமாக நெட் மீட்டரிங் கொடுத்து, கூரை சோலாரில் ஐரோப்பாவின் முன்வரிசைக்கு வந்தது. அங்கே இப்போது 2027 ஜனவரி 1 முதல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வருகிறது. அதற்கு முன்பே மின்சாரம் விற்கும் நிறுவனங்கள், கம்பிக்குத் திருப்பி அனுப்புவதற்கென்று தனிக் கட்டணம் போட ஆரம்பித்துவிட்டன. முன்வாசலில் கொடுத்ததைப் பின்வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

கிராஸ் மீட்டரிங்கின் பிரபலமான வடிவம், நீண்ட காலத்துக்கு விலையை உறுதி செய்துவிடும் திட்டம். ஜெர்மனி 2000இல் போட்ட சட்டம் இதற்கு இலக்கணம்: 20 ஆண்டுக்கு ஒரே விலை, வாங்கியே ஆக வேண்டும். 2004இல் சிறிய கூரை அமைப்புகளுக்கு யூனிட்டுக்கு 57.4 யூரோ சென்ட். அன்று பேனல் அவ்வளவு விலை, அதனால் கொள்முதல் விலையும் அவ்வளவு. பேனல் விலை சரிந்தபோது கொள்முதல் விலை பின்னாலேயே மூச்சிரைக்க ஓடியது. 2010 முதல் 2012 வரை ஆண்டுக்கு 7 கிகாவாட்டுக்கு மேல் புதிதாகச் சேர்ந்தது. அந்தச் செலவை எல்லா நுகர்வோரும் பில்லில் தனிக் கூடுதல் கட்டணமாகச் சுமந்தார்கள். 2017இல் அது யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரை ஏறியது. 2022 ஜூலையில் அந்தக் கட்டணத்தை நிறுத்தி, செலவை அரசு பட்ஜெட்டுக்கு மாற்றினார்கள். உலகம் முழுக்கப் பேனல் மலிவானதில் ஜெர்மன் நுகர்வோர் கொடுத்த பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த வகையில் எல்லோரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் இன்று மலிவான பேனலோடு தொடங்குகிறவருக்கு அதே பாதை தேவையில்லை.

ஸ்பெயினில் நடந்தது இதன் மோசமான பக்கம். 2007இல் தாராளமான விலை அறிவித்தார்கள். 400 மெகாவாட் வந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்த நாட்டில், 2008 ஒரே ஆண்டில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் வந்து நின்றது. பிறகு பழைய அமைப்புகளுக்கான விலையையும் பின்தேதியிட்டு வெட்டினார்கள். முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். போதாக்குறைக்கு 2015இல் சொந்த உற்பத்திக்கே ஒரு கட்டணம் வந்தது. மக்கள் அதற்குச் சூரிய வரி என்று பெயர் வைத்தார்கள்; 2018இல் அது ரத்தானது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2010 ஜனவரியில் 60 சென்ட்டுக்குத் தொடங்கிய திட்டம், கூட்டம் தாங்காமல் அதே ஆண்டு அக்டோபரில் புதியவர்களுக்கு 20 சென்ட் ஆனது. ஒரே விலையை வருடக்கணக்கில் கட்டிப்போடும் எந்தத் திட்டத்துக்கும், எத்தனை மெகாவாட் வரை என்ற உச்சவரம்பும் விலை எப்படி இறங்கும் என்ற அட்டவணையும் முதல் நாளே வேண்டும்.

நான்காவது வழியான அனுப்பத் தடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹவாயில் 2015 அக்டோபரில் நெட் மீட்டரிங்கை மூடியபோது, கம்பிக்கு எதுவும் அனுப்பாத ஒரு வகையையும் திறந்து, அதற்கு அனுமதியை எளிதாக்கினார்கள். ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குப் போகும் மின்தடம்) நிரம்பிப் போன இடத்தில், காத்திருப்பதற்குப் பதில் இப்படியாவது மாட்டிக்கொள்ளட்டும் என்பதற்கு இது பொருந்தும். பகல் முழுக்க இயந்திரம் ஓடும் தொழிற்சாலைக்கும் பரவாயில்லை. வீடுகளுக்கு இதையே பொதுவிதியாக வைத்தால் நல்ல மின்சாரம் வெயிலோடு வெயிலாகப் போகும்.

மீதி இருப்பது நெட் பில்லிங், என் ஓட்டும் அதற்குத்தான். இதன் சிறப்பு விலை குறைவாக இருப்பதில் இல்லை. அனுப்பும் யூனிட்டின் விலை தனியாக, கண்ணுக்குத் தெரிகிற எண்ணாக நிற்பதில் இருக்கிறது. நெட் மீட்டரிங்கில் அந்த விலை சில்லறை விலையோடு பற்றவைத்து ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் உடைக்க வேண்டும், தெருவில் போராட்டம் நடக்கும். தனி எண் என்றால் தொடக்கத்தில் அதைச் சில்லறை விலைக்கு மிக அருகில் வைத்து ஆட்களை இழுக்கலாம், பிறகு சொல்லிவிட்டுப் படிப்படியாக இறக்கலாம், மாலை நேரத்துக்கு மட்டும் உயர்த்தலாம். ஆரம்பத்தில் நெட் மீட்டரிங், பழுத்த பிறகு நெட் பில்லிங் என்று பலர் ஆலோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிறகு மாறத்தான் வேண்டும் என்று தெரிந்த பிறகு, மாற்றவே முடியாத வடிவத்தில் ஏன் தொடங்க வேண்டும்?

அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் தகராறு. மொத்தச் சந்தையில் அந்த நேரத்தில் மின்சாரம் விற்கும் விலையை அப்படியே கொடுத்தால் மிகக் குறைவு என்று பேனல் வைத்தவர்கள் சொல்வார்கள். மிச்சமான இழப்பு, தள்ளிப்போன முதலீடு, புகையில்லாத உற்பத்தியின் மதிப்பு எல்லாவற்றையும் கூட்டி ஒரு விலை வரையறுப்பது இன்னொரு முறை. டெக்சாஸின் ஆஸ்டின் நகர மின் நிறுவனம் 2012இல் இதைத் தொடங்கியது, மின்னசோட்டா 2013இல் சட்டத்தில் சேர்த்தது. கணக்கு நேர்மையானது, ஆனால் ஒவ்வொரு உறுப்பிலும் நிபுணர்கள் மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். பிரிட்டனில் 2020 முதல் வேறு பாணி: 1,50,000 வாடிக்கையாளர்களுக்கு மேல் உள்ள மின் விற்பனையாளர்கள் ஏதாவது ஒரு கொள்முதல் விலை கொடுத்தே ஆக வேண்டும், அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் போதும், மற்றதைப் போட்டி பார்த்துக்கொள்ளும். விற்பனையாளர்களை மாற்றிக்கொள்ள முடிகிற சந்தைக்கு இது சரி. ஒரே நிறுவனம் ஏகபோகமாக இருக்கும் இடத்தில் இதைச் செய்தால், பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை மேலேதான் விலை வரும்.

கலிபோர்னியா 2022 டிசம்பரில் நெட் பில்லிங்குக்கு மாறுவதாக முடிவெடுத்து, 2023 ஏப்ரல் 15 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு நடைமுறைப்படுத்தியது. அனுப்பும் யூனிட்டின் சராசரி மதிப்பு சுமார் முக்கால் பங்கு குறைந்தது. ஆனால் மணிக்கு மணி மாறும் அந்த விலைப்பட்டியலில், செப்டம்பர் மாலைகளின் சில மணி நேரங்களுக்கு மதிப்பு பல மடங்கு எகிறும். விளைவு இரண்டு. பேனல் பொருத்தும் தொழில் அடிவாங்கியது, நிறையப் பேர் வேலை இழந்தார்கள். இன்னொரு பக்கம், புதிதாகப் பேனல் வைப்பவர்களில் பாதிக்கு மேல் பேட்டரியும் சேர்த்து வாங்கத் தொடங்கினார்கள். திசை சரி, இறக்கிய வேகம் தவறு என்பது என் கருத்து. ஒரே இரவில் முக்கால் பங்கைப் பறித்தால் எந்தத் தொழிலும் தள்ளாடும்.

பிரேசில் இதைவிடப் பக்குவமாகச் செய்தது. 2022 ஜனவரியில் வந்த சட்டம், ஏற்கெனவே இணைந்தவர்களுக்கும் அடுத்த 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்கும் 2045 வரை பழைய சலுகையைக் காப்பாற்றியது. புதிதாக வருபவர்கள் கம்பிக் கட்டணத்தில் 2023இல் 15 சதவீதம், 2024இல் 30 சதவீதம் என்று ஏறி 2028இல் 90 சதவீதம் கொடுப்பார்கள். எல்லாம் எழுத்தில் இருந்தது, யாரும் ஏமாற்றப்படவில்லை.

எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு நெவாடா. 2015 டிசம்பரில் அந்த மாநில ஆணையம் நிலைக்கட்டணத்தை உயர்த்தி, அனுப்பும் யூனிட்டுக்கான மதிப்பைக் குறைத்தது. புதியவர்களுக்கு மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். பழைய வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்தே அதைப் போட்டார்கள். கடன் வாங்கிப் பேனல் போட்டவர்கள் கொதித்தார்கள், பெரிய பொருத்துநர் நிறுவனங்கள் மாநிலத்தை விட்டு வெளியேறின. அடுத்த ஆண்டே பழையவர்களுக்கு 20 ஆண்டுப் பாதுகாப்பு கொடுக்க வேண்டி வந்தது. 2017இல் சட்டமன்றம் சில்லறை விலையில் 95 சதவீதத்தில் தொடங்கும் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

விலையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். மீதி, கம்பியில் நடக்கிறது. ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து நீளமாகப் போகும் தெரு, கடைசி வீட்டிலும் பேனல். நல்ல வெயில், விடுமுறை நாள், தெருவில் தேவை குறைவு. ஒவ்வொரு வீடும் தள்ளத் தள்ள, தெருக்கோடியில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். 230 வோல்ட் கட்டமைப்பில் 10 சதவீத வரம்பு என்றால் 253. அதைத் தாண்டியதும் கடைசி வீட்டு இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும், சிறிது நேரம் கழித்துத் திரும்ப முயலும், மறுபடி அணையும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முழு வருமானம் பார்ப்பார், கடைசி வீட்டுக்காரர் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் கட்டணத் திட்டம் ஒன்றுதான்!

இதற்கான தீர்வுகள் பெரும்பாலும் இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கின்றன, முன்கூட்டியே கேட்டு வாங்கினால். ஜெர்மனியில் பழைய இன்வெர்ட்டர்கள் எல்லாம், கட்டமைப்பின் அதிர்வெண் வழக்கமான 50இலிருந்து ஏறி 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் ஒரே நேரத்தில் விலகும்படி அமைக்கப்பட்டிருந்தன. சில வீடுகள் இருந்தபோது அது பாதுகாப்பு. லட்சக்கணக்கில் ஆனபோது அதுவே கட்டமைப்புக்கு ஆபத்து. 2012 முதல் பழைய அமைப்புகளைத் தேடிப்போய் மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. ஹவாயில் 2015இல் சுமார் 8 லட்சம் மைக்ரோ இன்வெர்ட்டர்களின் (ஒவ்வொரு பேனலுக்கும் தனியாகப் பொருத்தும் சிறிய இன்வெர்ட்டர்கள்) அமைப்பைத் தொலைவிலிருந்தே மாற்றினார்கள், ஒரு வீட்டு ஏணியில்கூட ஏறாமல். தொலைத்தொடர்பு வசதியுள்ள இன்வெர்ட்டரைக் கட்டாயமாக்குவதற்கு இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியவில்லை. தெற்கு ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய் வாடிக்கையாளரிடமே தேர்வை விட்டது: எப்போதும் 1.5 கிலோவாட் வரை மட்டும் அனுப்புவதா, கம்பியின் நிலையைப் பொறுத்து நேரத்துக்கு நேரம் மாறி 10 கிலோவாட் வரை போகும் வரம்பை ஏற்பதா? ஆண்டின் பெரும்பாலான நேரம் கம்பியில் இடம் இருப்பதால், இரண்டாவதை எடுப்பவருக்குத்தான் லாபம்.

அந்த வசதி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்க்கலாம். நெட் மீட்டரிங், மிஞ்சிய யூனிட்டுக்குப் பணமே தரும் நெட் அக்கவுண்டிங், உற்பத்தி முழுவதையும் வாங்கும் நெட் பிளஸ் என்று மூன்று திட்டங்களை அருகருகே வைத்துக் கூரை சோலாரை வேகமாக வளர்த்த நாடு அது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை சரிந்தபோது, பகலில் உங்கள் அமைப்பை நீங்களே அணைத்து வையுங்கள் என்று மக்களிடம் வேண்டுகோள் விடுக்க வேண்டிய நிலைக்கு மின்சார சபை வந்தது. எத்தனை பேர் அணைப்பார்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எதை வைத்து முடிவு செய்வார்?

சில மின் நிறுவனங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, சோலார் வைத்தவருக்கு மட்டும் மாதாந்திர நிலைக்கட்டணத்தை ஏற்றுவதில் குறியாக இருக்கின்றன. கம்பிச் செலவை மீட்க அது நேரான வழிதான். ஆனால் அளவுக்கு மீறினால் வாடிக்கையாளர் பெரிய பேட்டரி வாங்கிக்கொண்டு இணைப்பையே குறைத்துக்கொள்வார். பாகிஸ்தானில் கட்டணங்கள் ஏறிக்கொண்டே போக, 2024 ஒரே ஆண்டில் சுமார் 17 கிகாவாட் பேனல்கள் இறக்குமதியாயின. பழைய மின் நிலைய ஒப்பந்தங்களின் கட்டணத்தைச் சுமக்க, கட்டமைப்பில் மிஞ்சியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆக, முடிவெடுக்கும் இடத்தில் நான் இருந்தால் நெட் பில்லிங்கை முதல் நாளே கொண்டுவருவேன். தொடக்க விலை சில்லறை விலையில் பத்தில் ஒன்பது பங்கு. பேனல்களின் மொத்தத் திறன் உச்சத் தேவையில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டும்போதெல்லாம் புதியவர்களுக்கு விலை ஒரு படி இறங்கும் என்ற அட்டவணை, இணைந்தவருக்குப் பத்து ஆண்டாவது மாறாத விலை, மாலைக்குத் தனி உயர்விலை. ஏற்கெனவே நெட் மீட்டரிங்கில் இருப்பவர்களைத் தொடமாட்டேன். அவர்கள் காலம் முடியட்டும். கூரை சோலார் ஏற்கெனவே பெருகி, மதியத்தில் மின்சாரம் வழிகிற நிறுவனம் என்றால் மதிய விலையைத் துணிந்து இறக்கலாம், ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளில். உச்சத் தேவையே மதியத்தில் வருகிற, பேனல் அரிதாக உள்ள கட்டமைப்பில் நெட் மீட்டரிங் இன்னும் சில ஆண்டுகள் ஓடினாலும் பெரிய சேதமில்லை. அங்கே அவசரப்பட்டு மாற்றுவது வீண்வம்பு.

அப்புறம், கட்டண உத்தரவு எழுதுபவர்கள் கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடும் ஒன்று: இணைப்பு அனுமதி. பிரிட்டனில் ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர், அதாவது 3.68 கிலோவாட் வரையிலான தரச்சான்று பெற்ற அமைப்பை முதலில் மாட்டிவிட்டு, 28 நாளுக்குள் தகவல் சொன்னால் போதும். பல இடங்களில் அதே அளவுள்ள அமைப்புக்குச் சாத்தியக்கூறு அறிக்கை, பார்வையிடல், மீட்டர் இருப்பு இல்லை என்று மாதங்கள் ஓடுகின்றன. அந்த மாதங்களில் தயாராகும் யூனிட்டுக்கு எந்தத் திட்டத்திலும் விலை கிடையாது. எனவே உத்தரவிலேயே எழுதிவிடலாம்: சிறிய அமைப்புக்கான விண்ணப்பத்துக்கு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அனுமதி கொடுத்ததாகக் கொள்ளப்படும், மீட்டர் தாமதமானால் அந்தக் காலத்து உற்பத்தியை இன்வெர்ட்டர் பதிவை வைத்து நிறுவனம் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.